பட்டாளத்து டீமும் ஒரு கூச்சலும்

கால்பந்து என்றாலே எனக்கு ஆகாது. தெருவில் பிள்ளைகள் கந்தல் பந்தை உதைத்தால்கூட, "அப்பால போய் ஆடுங்கடா" என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். யுத்த காலத்தில் என் வீட்டுக்காரரைக் கப்பலேறவிடாமல் பிடித்து வைத்திருந்தது அந்தப் பந்துதான். இருந்தாலும் அதனிடம் எனக்கு நன்றி கிடையாது.

நாங்கள் ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்து, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு முகாமில் போட்டார்கள். அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிக்குக் கால்பந்துப் பைத்தியம். டிரைவர், சமையல்காரர், முடிவெட்டுகிறவர் என்று கையில் அகப்பட்டவர்களை எல்லாம் சேர்த்து ஒரு டீம் கட்டினார். பட்டாளத்து பூட்ஸின் கனம் தாங்காமல் எல்லோரும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஆடினார்கள். எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பட்டாளத்து டீம் என்றே பெயர். ஆலைக்காரர்களும் ஹார்பர்காரர்களும் அவர்களிடம் மோதி மண்ணைக் கவ்விக்கொண்டு போனார்கள்.

டீமில் இருக்கிறவனைக் கப்பலேற்றுவதில்லை. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்றாலும் முகாமில் எல்லோருக்கும் இது தெரியும். பர்மா சண்டைக்கு ஆள் பிரிக்கும்போது அதிகாரி இவர்களைத் தாண்டிப் போய்விடுவார். தோற்றால் அவ்வளவுதான். சொதப்பினவனுக்கு டீமில் இடம் போகும், அடுத்த கப்பலில் இடம் கிடைக்கும். என் வீட்டுக்காரர் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். லீவில் அவர் வாசலில் வந்து நின்றால், சாப்பிட்டாயா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. "கெலிச்சியாய்யா?" என்பதுதான் முதல் பேச்சு. ஆமாம் என்றால்தான் எனக்கு அடுப்புப் பற்றவைக்கக் கை வரும். அப்புறம் விளக்கெண்ணெயைச் சுடவைத்து, இரண்டு கால்களையும் நீவிவிடுவேன். என் தாலி கழுத்தில் இல்லை, அந்தக் கால்களில்தான் இருந்தது.

ஒருநாள் அந்த அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவருக்குப் பந்தும் ஒன்றுதான், பூசணிக்காயும் ஒன்றுதான். "ஆலைக்காரங்களோட ஒரு ஆட்டம் ஆடிக் காட்டணுமாம். கெலிச்சா டீம் இருக்கும். இல்லாங்காட்டி எல்லாரும் கப்பலுக்குப் போவணுமாம்" என்று வந்து சொன்னார் இவர். நான் அப்போது நிறைமாசம். சோற்றுத் தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டேன். "இன்னாமே நீ, நாங்க தோத்துட்டாப்பல மூஞ்ச வச்சிகினு கீற" என்று சிரித்தார். சிரிப்பு வாயில்தான் இருந்தது, கண்ணில் இல்லை.

ஊரே அப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் ஹார்பரில் குண்டு போடுவான் என்று பாதி ஜனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடி, போன இடத்தில் பிழைக்க முடியாமல் திரும்பி வந்திருந்தது. வானத்தில் ஒரு பருந்து சுற்றினால்கூட நாலு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத் திடலில் மத்தியானம் ஆட்டம் தொடங்கியது. பெண்கள் அங்கே போவதில்லை. நான் சந்து முனையில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காதை மட்டும் திடலுக்கு அனுப்பியிருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று அத்தனை தொண்டையும் ஒன்றாய்க் கிழிந்தது.

"போட்டுட்டான்! போட்டுட்டான்டா!"

போட்டது யார்? நம்மவனா, ஆலைக்காரனா? என் உயிர் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்க, எதிரே மீன் விற்றுக்கொண்டிருந்தவள் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். கடைக்காரர்கள் பலகையை இழுத்து மூடினார்கள். ஒரு ஆள் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவரை மறித்து, "யாருய்யா போட்டது?" என்று கேட்டேன்.

"ஜப்பான்காரன்தாம்மா! வேற எவன் போடுவான்? ஓடு, ஓடு!"

அட பாவிகளா! கோலைக் குண்டாக்கிவிட்டார்களே! "கோலுய்யா, கோலு போட்டாங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? "ஹார்பர்ல போட்டுட்டான்", "ஸ்டேஷன்ல போட்டுட்டான்" என்று ஆளாளுக்கு ஒரு குண்டைப் போட்டுக்கொண்டே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு பேர் ஓடுகிறார்களே, ஒருவேளை நிஜமாகவே போட்டுவிட்டானோ? திடல்மேலேயே போட்டுவிட்டானோ? ஊர் மேற்கே ஓட, நான் சுவரைப் பிடித்துப் பிடித்துத் திடல் பக்கம் போனேன்.

தெருவிலிருந்து ஓடிய கும்பலில் ஒரு பகுதி திக்குத் தெரியாமல் திடலுக்குள்ளும் பாய்ந்திருந்தது. மிரண்ட குதிரை ஒன்று ஜட்கா வண்டியை இழுத்துக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு நடுவே புகுந்திருந்தது. குண்டும் இல்லை, புகையும் இல்லை. மண்ணில் இவர் கிடந்தார். சக்கரம் ஏறி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். அந்த வலியிலும் அவர் சொன்னது இதுதான்: "கோலு போட்டது நான்தாமே. தடுக்கிறவன் நான், பந்து வாகா வந்துச்சி, ஓடிப்போய்ப் போட்டுட்டேன்."

ஆட்டம் அதோடு நின்றது. முடியாத ஆட்டத்தை வெற்றியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று புது அதிகாரி சொல்லிவிட்டார். இவர் காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டீம் மொத்தமும் கப்பலேறியது. சமையல்காரர் இறந்த சேதி முதலில் வந்தது. அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியில் அந்த டீமில் மிஞ்சியது இவர் ஒருவர்தான்.

முறிந்த கால் கோணலாகக் கூடியது. இவர் ஹார்பர் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். எங்களுக்கு மகன் பிறந்து வளர்ந்தான். சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, முகாமில் புதுப் பையன்களை வைத்து மறுபடியும் பட்டாளத்து டீம் கட்டினார்கள். முதல் ஆட்டத்துக்குப் பழைய டீம்காரர் என்று இவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்களாம். கழுத்தில் மாலையோடு திரும்பி வந்தவரிடம், பழைய வழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "கெலிச்சாங்களா?"

"தெர்லமே. யாரோ போட்டுட்டான்னு கத்துனாங்க. எய்ந்து வந்துட்டேன்."

இத்தனை வருஷம் நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். அந்த கோலைப் போடாமல் இருந்திருந்தால் கூச்சல் இல்லை, ஓட்டம் இல்லை, ஆட்டம் முடிந்திருக்கும், அவர்கள் கெலித்து உயிரோடு இருந்திருப்பார்கள் என்று இவர் கணக்குப் போடுகிறாரோ? செத்தவர்களோடு தானும் போயிருக்கலாம் என்று நினைக்கிறாரோ? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

அவரே பேசினார். "அன்னிக்கு என் காலு ஒடஞ்சி கெடக்கசொல்ல, நீ என்னைப் பாத்து சிரிச்சிகினு இருந்த. நான் பாத்தேன்."

"ஆமாய்யா, சிரிச்சேன்! இனிமே உன்னைக் கப்பலேத்த மாட்டாங்கன்னு சிரிச்சேன். இன்னிக்கு ஒடஞ்சாலும் சிரிப்பேன். இன்னான்ற இப்போ?"

கத்திவிட்டேன். அடுப்படிக்குப் போய் விளக்கெண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்தேன். அவர் மாலையைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, அந்தக் கோணல் காலை என் பக்கம் நீட்டினார்.