ரோடு ரோலர் அண்ணன்

சைக்கிள் மணியைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்தார். நூற்றுப் பதினெட்டு கிராம். அதைப் பிடித்திருந்த திருகாணி நான்கு கிராம். சைக்கிளைச் சாய்த்து நிறுத்தும் ஸ்டாண்டு, முந்நூற்று ஆறு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்றையும் மனத்துக்குள் கூட்டினார். கதவோரம் நின்றிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாம் சரி, உங்க தொப்பையை எப்பக் கழட்டுவீங்க?”

அவர் அடுத்த திருகாணியைத் தட்டில் வைத்தார். எடை போடும்போது பேசினால் மூச்சுக்காற்று தட்டில் படும் என்பது அவருடைய கட்சி.

கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்துச் சரி செய்வது அவர் தொழில். இருபத்தெட்டு வருடமாக அதுதான் சோறு போடுகிறது. எடைக்கல்லைத் தொடுமுன் விரல்களைத் துணியில் துடைப்பார். விரல் ஈரத்துக்கும் எடை உண்டாம். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒரு முறை மேலே கீழே தூக்கிப் பார்ப்பார். செருப்பு, செல்போன், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை, எதுவும் தப்பாது. “அஞ்சு கிலோ நானூறு. போன வாரத்துக்கு இப்ப இருநூறு கூட” என்று சொல்லிக் குழந்தையைத் தாயிடம் திருப்பிக் கொடுப்பார்.

சைக்கிள் ஓட்டச் சொன்னவர் டாக்டர். “பெரிய ஆளுக்குப் பெரிய சக்கரம் சார்” என்று சொன்னவர் கடைக்காரர். அந்த ஒரு வாக்கியத்துக்காக வாங்கி வந்ததுதான் தலையணை பருமனுக்கு டயர் போட்ட அந்தக் குண்டுச் சைக்கிள். அதில் அவர் ஏறி உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தது போலவே இருக்கும். தங்கை மட்டும் அதற்கு ரோடு ரோலர் என்று பேர் வைத்தாள்.

தங்கை லிப்ட் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுடையது விரல் பருமன் டயர் போட்ட சைக்கிள்; ஒற்றைக் கையால் தூக்கி மாடிக்குக் கொண்டு போவாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு இருவரும் சேர்ந்து கிளம்பிப் பாலத்துக்கு அக்கரையில் தனியாக இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போவது வழக்கம். சேர்ந்து கிளம்புவதுதான் வழக்கம். பாலம் ஏறும்போதே அவள் முதுகு சின்னதாகிவிடும். இவர் போய்ச் சேரும்போது மணி ஏழேகால். அவள் வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

கால் மணி நேரம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு அவருடைய அப்பாவைத் தெரியாது. அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். காலையில் முதல் காபியோடு மனம் திறப்பார். தம்ளர் காலியானதும் மூடிவிடுவார். எதையும் ஒரு தடவைதான் சொல்வார். என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று மகன் வியர்வையைத் துடைத்தபடி கேட்டால், “அந்த டிக்கெட்டெல்லாம் போன ஸ்டாப்புலயே குடுத்தாச்சுப்பா” என்று செய்தித்தாளை எடுத்துக்கொள்வார்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு, தலைப்பிள்ளை பிறந்த அன்று கடைசி பஸ்ஸை வழியிலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதையைத் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். தான் பிறந்த கதையை, தனக்கு ஏழு வருடம் கழித்துப் பிறந்தவளின் வாயால் திரும்பும் வழியில் கேட்டுக்கொண்டார் மூத்தவர். அவள் நன்றாகவே சொன்னாள். இடையில் சிரிக்கவும் செய்தாள். அது இன்னும் எரிந்தது.

முன்னதாகவே கிளம்பினால் என்ன என்று மனைவி யோசனை சொன்னார்.

“அது கள்ள எடை. ஓட்டித்தான் முந்தணும்” என்றுவிட்டார்.

மறுநாளே வேலை ஆரம்பமாயிற்று. கட்டை கட்டையாகப் பல் வைத்திருந்த டயர் போய் வழவழ டயர் வந்தது. டியூபைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்று கசியாமல் அடைக்க உள்ளே பால் போன்ற ஒரு பசையை ஊற்றினார். அதில் மட்டும் எழுநூறு கிராம் மிச்சம். எட்டு பவுண்டு இருந்த காற்றை இருபதாக ஏற்றினார். முன்னால் இருந்த பல்சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டார். ஆக மொத்தம் மூன்று கிலோ நூற்றுப் பத்து கிராம் குறைந்தது. அடுத்த ஞாயிறு கிளம்பியபோது முகத்தில் மாப்பிள்ளைக் களை.

ஏழேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்.

வாசலில் நின்றிருந்த தங்கை அவர் வந்து நிற்பதற்கு முன்பே தலையைச் சாய்த்துக் கேட்டாள். “அண்ணா, என்ன சத்தம் அது?” முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். மூன்றாவது சுற்றிலேயே நின்றுவிட்டது. தன் சைக்கிளைத் தூக்கிச் சுற்றினாள். அது சுற்றிக்கொண்டே இருந்தது. “பிரேக் கட்டை உரசுதுண்ணா. இத்தனை நாளும் பிரேக் புடிச்சுக்கிட்டே மிதிச்சிருக்கீங்க.”

ஒவ்வொரு திருகாணியையும் நிறுத்துப் பார்த்த மனிதர் சக்கரத்தை ஒரு தடவைகூடக் கையால் சுற்றிப் பார்க்கவில்லை. உரசலுக்கு எடை கிடையாதே. அவள் பையிலிருந்து திருகுச் சாவியை எடுத்து இரண்டு நிமிடத்தில் சரி செய்துவிட்டு, ஆனைக்கும் அடி சறுக்கும் என்று முதுகில் தட்டினாள். எரிச்சலில் மொட்டைமாடியில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது அவருக்கு. லிப்ட் படித்த பெண், கெட்டிக்காரி என்று ஊர் முழுக்கப் பெருமை பேசுகிறவரும் அவர்தான்.

அதற்கடுத்த ஞாயிறு பாலத்தின் ஏற்றத்தில் அவள் முதுகு சின்னதாகவே இல்லை. இறக்கத்தில் அவருடைய தொண்ணூற்றாறு கிலோவும் முதல் தடவையாக அவர் பக்கம் நின்றது, அவளைத் தாண்டினார். கீழே சிக்னலில் இவர் கடந்ததும் சிவப்பு விழுந்தது. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மாடியில் அப்பா கதவைத் திறந்தார். மகனைப் பார்த்தார். மகன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அவ எங்க?”

“வர்றாப்பா.”

காபி இரண்டு தம்ளரில் வந்தது. மகன் ஜன்னலோர நாற்காலியில், இதுவரை உட்காராத நாற்காலியில், உட்கார்ந்தார். அப்பா முதல் வாய் குடித்துவிட்டுக் கனைத்துக்கொண்டார். “உங்கம்மா கடைசியா ஆஸ்பத்திரியில என்கிட்ட ஒண்ணு சொன்னா. அதை உங்ககிட்ட…” பாதியில் நிறுத்தித் தம்ளரைக் கீழே வைத்தார். “இரு, அவளும் வந்துடட்டும்.”

எத்தனையோ ஞாயிறு தாமதமாக வந்த மகனுக்காக அந்தத் தம்ளர் ஒரு தடவைகூடக் கீழே இறங்கியதில்லை.

“நான் அவகிட்ட சொல்லிக்கிறேன். நீங்க சொல்லுங்கப்பா” என்றார்.

கீழே சைக்கிளைச் சாத்தும் ஓசை. பிறகு படியில் வேகமான காலடிகள். அவர் எழுந்தார். விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, சத்தம் வராமல் தாழ்ப்பாளைப் போட்டார்.