எலுமிச்சம்பழமும் சுத்தியல் குறியும்

1. நான்கு பழங்கள்

காலை 4.52. அறை ஜன்னலின் திரையை விலக்கியபோது முதலில் தெரிந்தது, பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழம். அதன் பக்கத்தில் சேலைக்கு மேல் மழைச்சட்டை போட்டுக்கொண்டு, கையில் கற்பூரத் தட்டோடு சரோ அக்கா நின்றார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. இடம் இங்கிலாந்து. நாடகாசிரியர் ஒருவர் பிறந்ததால் உலகம் முழுவதும் தெரிந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு நான்கு கிலோமீற்றர் வெளியே, கால்வாய்க்கரை விடுதி ஒன்று. முதல் நாள் ஜெர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து முப்பத்தொரு பேரை அங்கே கொண்டுவந்து சேர்த்த பஸ் சாரதி நான். அந்த வேலையில் எனக்கு அது பத்தொன்பதாவது வருடம். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் மூன்று வருடம் இருந்தேன். எதையும் நேரத்தோடு குறித்து வைக்கும் பழக்கம் அங்கே வந்தது.

சரோ அக்கா டோர்ட்மண்டில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருப்பவர். எங்கள் ஆட்களின் கூத்துக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்த ஆசிரியரின் நாடகம் ஒன்றைக் கூத்துப் பாட்டாக்கி மூன்று வருடமாக ஆடி வந்தார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஆற்றங்கரைத் தோட்டத்தில் ஒரு திறந்த மேடை உண்டு. கோடையில் வெளிக் குழுக்களுக்கு அதில் இடம் கொடுப்பார்கள். சரோ அக்கா Antrag என்கிற விண்ணப்பத்தை எழுதிப் போட, சனிக்கிழமை 11 மணிக்கு இருபது நிமிடம் கிடைத்தது. 11.20க்கு அடுத்த குழு. பிந்தி வருபவர்களுக்கு வேறு நேரம் இல்லை என்று கடிதத்திலேயே இருந்தது.

ராசா வேடம் மரியதாஸ் அண்ணைக்கு. அறுபத்தெட்டு வயது, தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்தி ஓய்வுபெற்றவர். அடுத்த மாதம் வலது முழங்காலை மாற்றும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து Termin எடுத்திருந்தார். அதற்குப் பிறகு மிதித்து ஆடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மிதிக்காத ராசா கூத்தில் இல்லை. அவர் ராசாவாக ஆடப்போகும் கடைசி இருபது நிமிடம் இதுதான் என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பிரான்சின் கலே துறைமுகத்தில் ஒவ்வொரு கடவுச்சீட்டாகப் பார்த்து முத்திரை குத்தியதில் இரண்டரை மணித்தியாலம் போயிற்று. அதற்குச் சரோ அக்காவிடம் காரணம் இருந்தது.

"புது வண்டி. பழம் வைக்காமல் வெளிக்கிட்டது. அதுதான் கலேயிலை கட்டிப்போட்டது. ஒரு அடி உருட்டிவிடுங்கோ தம்பி, பிறகு போய்ப் படுங்கோ."

வண்டி வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இங்கிலாந்துக்கு இதுதான் அதன் முதல் பயணம். எனக்கும் மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. செருப்போடு இறங்கிப் போய் எஞ்சினை இயக்கி ஒரு மீற்றர் முன்னே விட்டேன். சக்கரங்களின் அடியில் இருந்த நான்கு பழமும் நசிந்த சத்தம் கேட்டது. மேல்மாடி ஜன்னலில் நின்ற மரியதாஸ் அண்ணை கத்தோலிக்கர். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஐந்து மணிக்கு நான் திரும்பவும் கட்டிலில்.

2. படுத்துக்கொண்டே வேலை

இந்தத் தொழிலுக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஒரு விளக்கம். பஸ்ஸில் டாகோகிராஃப் என்று ஒரு பெட்டி உண்டு. சாரதி தன் அட்டையை அதற்குள் போட வேண்டும். அவர் எப்போது ஓட்டினார், எப்போது வேறு வேலை செய்தார், எப்போது ஓய்ந்தார் என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். ஓய்வுக்குக் கட்டில் படம், ஓட்டம் தவிர்ந்த வேலைக்குச் சுத்தியல் படம். இரவில் குறைந்தது ஒன்பது மணித்தியாலம் கட்டில் தொடர்ந்து விழ வேண்டும். இடையில் அறுந்தால் அதுவரை எடுத்த ஓய்வு கணக்கில் வராது.

இன்னொரு குணமும் அந்தப் பெட்டிக்கு உண்டு. வண்டி ஓடி நின்றவுடன் அது தானாகவே சுத்தியலுக்குப் போய்விடும். கட்டிலை நாம்தான் அழுத்த வேண்டும்.

வெள்ளி இரவு 9.35க்குக் கட்டிலை அழுத்திவிட்டு, அட்டையை எடுக்காமல் இறங்கியிருந்தேன். 4.55க்கு வண்டியை உருட்டினேன். ஏழு மணி இருபது நிமிடத்தில் ஓய்வு அறுந்தது. பிறகு ஒன்றையும் அழுத்தாமல் போய்ப் படுத்தேன். 7.25க்குப் பஸ்ஸைத் துடைக்க வந்து பார்த்தால் திரையில் சுத்தியல். நான் குறட்டை விட்ட இரண்டரை மணித்தியாலமும் நான் வேலை செய்ததாக அது எழுதியிருந்தது.

கட்டிலை அழுத்தினேன். அந்த நிமிடத்திலிருந்து ஒன்பது மணித்தியாலம் என்றால் மாலை 4.25. நான் உறங்கியதை யாராவது நம்பி ஐந்து மணியிலிருந்து எண்ணினாலும் பிற்பகல் இரண்டு. ஆட்டம் பதினொரு மணிக்கு.

முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஜெர்மானியர், நிதானமானவர். எலுமிச்சம்பழம் என்ற சொல்லை இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். பழங்களை யாராவது படம் எடுத்தார்களா என்றும் கேட்டார். பிறகு, பஸ் 4.25 வரை அசையக் கூடாது என்றார். ஒரு வருடத்துக்கு முன் வேறொரு சாரதியின் ஓய்வு குறைந்து கம்பனிக்கு எச்சரிக்கை வந்திருந்தது. மற்றதைத் திங்கட்கிழமை பேசலாம் என்று வைத்துவிட்டார்.

காலைச் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று சொன்னேன். பத்தொன்பது வருடத்தில் பயணிகளுக்கு எத்தனையோ அறிவித்தல் சொல்லியிருக்கிறேன். நானே காரணம் என்று சொன்னது அது ஒன்றில்தான். யாரோ அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். அது பிடிபட்டால் லைசென்ஸே போகும், ஏலாது என்றேன்.

சரோ அக்கா பாண் துண்டைத் தட்டில் வைத்தார்.

"பழம் வைச்சது நான். மிதிச்சது நீங்கள். பாதிப் பாதி."

டாக்சிக்குக் கேட்டார்கள். அன்று அந்தப் பக்கத்தில் இரண்டு கலியாணமாம், 11.30க்கு முன் இல்லை. கிராமத்துப் பஸ் 11.10க்கு. விடுதிக்காரப் பெண்ணிடம் சிறிய கார் ஒன்று இருந்தது. மற்ற விருந்தினருக்குச் சாப்பாடு கொடுத்து முடித்த பிறகு மத்தளத்தையும் ஆர்மோனியத்தையும் கொண்டுவருவதாகச் சொன்னார். ராசாவையும் ஏற்றலாம் என்றார்.

மரியதாஸ் அண்ணை தூரத்தை மட்டும் கேட்டார். கால்வாய்க்கரை வழியாக நாலு கிலோமீற்றர் என்றேன்.

"நேற்று முழுக்கப் பஸ்ஸிலை இருந்ததிலைதான் முழங்கால் இறுகிப்போச்சு. இனிக் காரிலும் மடக்கி வைச்சால் மேடையிலை நிமிராது. நடந்தால் இளகும். வெளிக்கிடுவம்."

3. கால்வாய்க்கரை

8.35க்குப் புறப்பட்டோம். மேடைக்குப் பக்கத்தில் உடுப்பு மாற்ற இடமில்லை என்பதால் ஆடுகிறவர்கள் ஒன்பது பேரும் விடுதியிலேயே வேடம் கட்டிக்கொண்டார்கள். ராசாவின் முடி, அந்த உயரமான கிரீடம், காருக்குள் நிமிர்ந்து நிற்காது. அது அவர் தலையில் வந்தது. காலில் ஓட்டச் சப்பாத்து. சதங்கையை நான் என் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒருவர் பின் ஒருவராகத்தான் அந்தப் பாதையில் போகலாம். முன்னே சரோ அக்கா, நடுவில் ராசா, அவர் பின்னால் நான். முதல் கிலோமீற்றருக்கு இருபத்திரண்டு நிமிடம். கரையில் தூண்டில் போட்டிருந்த ஒருவர் கோலை உயர்த்தி வழிவிட்டு, "குட் மார்னிங், யுவர் மெஜஸ்டி" என்றார். அண்ணை நிற்கவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்த மந்திரி வேடக்காரர்தான் நின்று அந்த மனிதரோடு படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது கிலோமீற்றர் முடிகிற இடத்தில் கால் பிடித்துக்கொண்டது. 9.31. படகுகளை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றின் மரக்கதவில் அண்ணை உட்கார்ந்தார். முடியைக் கழற்றி மடியில் வைத்தார். நெற்றியில் மை கரைந்திருந்தது. காருக்குச் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். என்னால் வந்தது அண்ணை, என்றும் சொன்னேன்.

"தம்பி, நீங்கள் இப்ப ஓய்விலை இருக்கிறியள். பேசாமல் ஓய்வெடுங்கோ."

முதலில் சிரித்தது சரோ அக்கா. பதினொரு நிமிடம் இருந்தோம். யாரோ தைலம் தேய்த்துவிட்டார்கள். பிறகு அவர் என் தோளைப் பிடித்து எழுந்தார். மீதி இரண்டு கிலோமீற்றரும் அந்தக் கை தோளிலேயே இருந்தது. கை வரவரக் கனத்தது. தோட்டத்து வாசலுக்கு வந்தபோது 10.46. விடுதிக்காரப் பெண் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்.

4. இருபது நிமிடம்

பார்க்க இருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர், நான்கு நாய்கள். எங்கள் ஆட்களைச் சேர்க்காத கணக்கு. சரோ அக்கா ஆங்கிலத்தில் இரண்டு வசனத்தில் கதையைச் சொன்னார். அந்த ஊரில் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அண்ணை சப்பாத்தைக் கழற்றிச் சதங்கை கட்டிக்கொண்டு வந்தார். முதல் பாட்டை நின்றபடியே பாடினார். இரண்டாவது பாட்டில் மத்தளம் துரிதப்பட, மிதிக்கத் தொடங்கினார். புல்தரையில் மிதித்தால் சத்தம் வராது. சதங்கை மட்டும் கேட்டது. பாரத்தை இடது காலில் வைத்து, வலது காலை நுனியால் தொட்டு எடுத்தார். தெரியாதவர்களுக்கு அது ராசாவின் மிடுக்கு. மூன்றாவது சுற்றில் இரண்டு காலையும் முழுசாக வைத்தார். சரோ அக்கா தாளம் போடுவதை விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

11.19க்கு முடிந்தது. அடுத்த குழுவில் நீண்ட அங்கி போட்ட ஒரு ஆங்கிலேயர் கைதட்டிக்கொண்டே மேடைக்கு வந்தார். ராசாவின் பக்கத்தில் நின்று, அந்த மிதியைத் தனக்கு ஒரு தரம் காட்ட முடியுமா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ. இனி இல்லை."

ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஒரு பை நிறைய ஐஸ்கட்டி கொடுத்தார். ஆற்றங்கரை வாங்கில் காலை நீட்டி, முழங்கால் மேல் அந்தப் பையை வைத்துக்கொண்டு, அண்ணை இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார். அன்னங்கள் சுற்றி நின்றன. அவற்றுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

அந்த ஊருக்கு அதற்கு முன் பதினொரு தரம் போயிருக்கிறேன். பார்த்தது பஸ் தரிப்பிடம் மட்டும். ஜெர்மன் பஸ்ஸுக்குக் கதவு வலப்பக்கம். இங்கிலாந்தில் அது நடுவீதியில் திறக்கும். ஆட்கள் இறங்கி முடியும்வரை வீதியில் நின்று வாகனங்களை மறிக்க வேண்டும். பிறகு தரிப்பிடம், பிளாஸ்கில் தேநீர், திரும்பவும் ஏற்றல். நாடகாசிரியர் பிறந்த வீட்டுக்குள் அன்றுதான் போனேன். கூரை தாழ்வு, மரத்தூண்கள் கோணல், நிலத்தில் கல். அவருடைய தகப்பன் தோல் கையுறை தைத்தவராம். கீழ்த்தளத்தில் அந்தப் பட்டறையை அமைத்து வைத்திருக்கிறார்கள். சரோ அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கையுறையின் விரல் இடுக்கைப் பத்து நிமிடம் பார்த்தார். தையல் பரவாயில்லை என்றார்.

நான்கு மணிக்கு விடுதிக்காரப் பெண் என்னைத் தன் காரில் கூட்டிப்போனார். 4.31க்குப் பஸ்ஸை எடுத்து, ஊருக்கு வந்து, எல்லோரையும் ஏற்றினேன்.

இளம் சாரதிகளுக்கு நான் சொல்வது இதுதான். இரவில் அட்டையை வெளியே எடுங்கள். வண்டி ஒரு அடி நகர்ந்தாலும் திரையைப் பார்க்காமல் இறங்காதீர்கள். பழம் வைக்க விரும்புகிறவர்களைத் தடுக்க வேண்டாம். ஓய்வு முடிந்த பிறகு உருட்டுவதாகச் சொல்லுங்கள். உங்கள் தவறை மற்றவர்கள் நடந்து தீர்க்கும்போது, நீங்களும் கூடவே நடங்கள்.

திங்கட்கிழமை முதலாளி கேட்டதால் அன்றைய பதிவை அச்செடுத்துக் கொடுத்தேன். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை 7.25 முதல் மாலை 4.31 வரை அதில் கட்டில் படம் மட்டும் இருக்கிறது.