கதவு கேட்ட பிள்ளை

தொண்டுச் சங்கத்தின் கடிதச் செயலாளருக்குச் சம்பளம் கிடையாது. அதனால்தான் எல்லோரும் அவளுக்கு முதலாளிகள். புலம்பெயர்ந்து வந்த கிரான்பர்னில் எட்டு வருடமாக இந்த உத்தியோகம் பார்க்கிறேன். மலாவியில் ஒரு கிராமத்துப் பாடசாலையின் பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்துத் தலைவிகளாக்குவது எங்கள் சங்கத்தின் நோக்கம். எங்காவது ஒரு சங்கத்தில் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று மாட்டிக்கொண்டவர்களே, என் துன்பம் உங்களுக்குப் புரியும்.

உட்கட்டமைப்பு

அந்தப் பாடசாலை மாணவிகளின் பிரதிநிதி தோக்கோ. வயது பதினான்கு. ஆசிரியையின் தொலைபேசியிலிருந்து எழுதியிருந்தாள்: பெண்கள் கழிப்பறைக்குக் கதவில்லை, மாதவிலக்கு நாட்களில் பெரிய பிள்ளைகள் யாரும் வருவதில்லை, அவளும்தான், அடுத்த மாதம் மேல்நிலைப் பள்ளிக்கான பரீட்சை, அதுவும் அந்த நாட்களிலேயே வருகிறது, ஒரு கதவு வேண்டும்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. அவள் வயதில் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்திருக்கிறேன். அதைச் சொல்லத் தமிழில் சொல் இருந்தது. எனக்கு வாய்தான் இருக்கவில்லை. ஆகவே கடிதத்தை அப்படியே ஆண்டறிக்கையில் சேர்த்தேன். தலைவர் சிவா பல் வைத்தியர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்க்கிறவர், அன்று கூரை முகட்டைப் பார்த்தார்.

"அக்கா, அதை 'உட்கட்டமைப்பு' எண்டு மாத்துங்கோ. சனம் கொத்துரொட்டி சாப்பிடேக்க வாசிக்கிற அறிக்கை."

தலைமைப் பயிற்சி

கதவுக்கு முன் தன்னம்பிக்கை வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே கணினித் துறையில் மேலாளராக இருக்கும் கார்த்திக், சூமில் இலவசமாகப் பயிற்சி கொடுத்தார். கண்களை மூடி, ஐந்து வருடத்துக்குப் பிறகு தங்களை எங்கே காண்கிறார்கள் என்று கற்பனை செய்யச் சொன்னார். முப்பது பிள்ளைகள் மூடினார்கள். தோக்கோ மட்டும் மூடவில்லை. "ஐந்து வருடத்தைப் பிறகு பார்க்கிறேன். கதவு எப்போது வரும்?" என்று கேட்டாள்.

கார்த்திக் திரைக்குச் சிரித்துவிட்டு, பிறகு என்னை அழைத்தார்.

"அந்தப் பொண்ணு ரொம்ப நெகட்டிவ் மேடம். லீடர்னா பிரச்சினையைப் பேசக்கூடாது, விஷனைப் பேசணும்."

இராப்போசனம்

ஆண்டு விழாவில் அறிக்கை வாசிக்கும் பொறுப்பு எனக்கு. 'உட்கட்டமைப்பு' என்ற இடம் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு தாளைப் பார்க்காமல் தோக்கோவின் கடிதத்தை மனப்பாடமாகச் சொன்னேன். மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. கவியரங்குகளில் நான் கவிதை வாசித்த காலத்தில்கூட எனக்கு அப்படியொரு மௌனம் வாய்த்ததில்லை.

இறங்கி வரும்போது ஒரு பெண்மணி என் கையை அன்போடு பற்றினார்.

"அன்ரி, அழுகையே வந்திட்டுது. ஆனா டெசேட் சாப்பிட்டு முடிய வாசிச்சிருக்கலாம்."

பலகை

அழுகை வந்ததால் செயற்குழு உடனே கூடியது. எந்த வேலைக்கும் முதலில் பெயர்ப்பலகை வேண்டுமாம். ஆளுயரத்தில், நல்ல மரத்தில், சங்கத்தின் பெயரும் பதினொரு செயற்குழு உறுப்பினர்களின் பெயர்களும். பாடசாலைக்குப் பக்கத்திலேயே ஒரு தச்சரிடம் செய்விக்கச் சொன்னோம். கதவை அடுத்த கூட்டத்தில் பேசுவதாக ஏற்பாடு.

பரீட்சை முடிந்த வாரம் தோக்கோவிடமிருந்து படமும் செய்தியும் வந்தன. படத்தில் இரண்டு கதவுப் பிணைச்சல்களில் எங்கள் பலகை கழிப்பறை வாசலில் தொங்கியது. "அளவு மிகச் சரியாக இருந்தது, நன்றி. தாழ்ப்பாளை நாங்களே போட்டோம். உங்கள் பெயர்கள் மழையில் அழியாமல் இருக்க உள்பக்கமாக வைத்திருக்கிறோம். பரீட்சைக்கு மூன்று நாளும் போனேன்."

சிவா படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்கு இருக்கிற ஆளின்ர முகத்துக்கு நேரயோ அக்கா என்ர பேர்?"

எட்டு வருடத்தில் எங்கள் சங்கத்தின் கணக்கில் ஒரு தலைவி உருவாகியிருக்கிறாள், அதுவும் நாங்கள் சொன்னது எதையும் கேட்காததால்.