வெள்ளத்துக்குக் காத்திருக்கும் தொட்டி

நொய்யல் பாலத்தருகே பஸ் பழுதாகி நிற்கிறது. என் கையில், ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் கடலடிச் சேறு, கண்ணாடிக் குழாயில்.

"சேத்துல என்னங்க தெரியும்?" என்கிறார் பக்கத்தில் நிற்கும் சாயப்பட்டறைக்காரர்.

"முற்காலத்துல வடதுருவக் கடல்ல உறைபனி பெருகினப்பெல்லாம் நம்ம கடலும் மாறி, இங்கே மழை குறைஞ்சிருக்குங்க. அந்தத் தடம் இந்தச் சேத்துல படிஞ்சிருக்கு."

அவர் பதறுகிறார். "இந்த வருசம் மழை வருமுங்களா? பட்டறைக் கழிவுத் தொட்டி ததும்புதுங்க. ஆத்துல வெள்ளம் வந்தாத்தான் சாயத்தண்ணியத் தொறந்துவுட முடியும். கடலுக்குப் போயிட்டா மறைஞ்சிருமுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குழாயை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன்.

"மறையாதுங்க. அந்தப் பனி உருகி எத்தனையோ ஆயிரம் வருசமாச்சு. இந்தச் சேறு இன்னும் அதைச் சொல்லுது. உங்க சாயத்தையும் சொல்லும்."

அவர் குழாயைப் பார்க்கவில்லை. மேகம் கூடுகிறதா என்று அண்ணாந்து பார்க்கிறார்.