கயிறு சொன்ன பதில்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இதைக் கட்டுக்கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கயிறு இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

நானும் என் தங்கை புருஷனும் கட்டடங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்கள். பதினோரு வருஷத் தொழில். நிலத்தடித் தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால், மேலே ஒருவர் கயிறு பிடிக்க வேண்டும். உள்ளே பேசினால் எதிரொலியில் ஒன்றும் புரியாது. அதனால் கயிறுதான் பேச்சு. மேலிருந்து ஒரு இழுப்பு என்றால் "நல்லா இருக்கியா?" கீழிருந்து ஒரு இழுப்பு என்றால் "இருக்கேன்." மூன்று இழுப்பு என்றால் "தூக்கு." அந்தப் பேச்சு ஒரு நாளும் எங்களை ஏமாற்றியதில்லை.

அவன் ஒல்லி. நான் அவனை ஈர்க்குச்சி என்பேன். அவன் என்னைப் பீப்பாய் என்பான். தன் இடுப்புக் கயிறு என் தொடைக்குத்தான் காணும் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்தக் குட்டி சிலிண்டரை அவன்தான் போனில் பார்த்து வாங்கினான். முழங்கை நீளம் இருக்கும். வாயில் கடித்துக்கொண்டால் தண்ணீருக்கு அடியில் மூச்சு விடலாம். பத்து நிமிஷம் தாங்கும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. பயிற்சி இல்லாமல் இறங்க வேண்டாம் என்பது பொடி எழுத்தில் இருந்தது.

"நமக்கென்ன பயிற்சி மச்சான்? பதினோரு வருஷமா தண்ணிக்குள்ளதானே கிடக்கிறோம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கிளம்பும்போது தங்கை வாசலில் நின்றாள். அவளுக்கு ஏழு மாசம். "அண்ணா, பத்திரமா கூட்டிட்டு வந்துடு" என்றாள். "உன் புருஷனை நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். கைவிட்ட கல்குவாரி ஒன்றில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. நடுவே ஒரு பாறை மூக்கு நீட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் தெரியவில்லை. வேலைக்குப் போவதுபோலவே அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கத்தியைச் செருகிக்கொண்டான்.

"அடுத்தது உன் முறைதான், பீப்பாய்."

மணி 3:12. இறங்கினான்.

3:14. ஒரு தடவை இழுத்தேன். ஒரு இழுப்பு வந்தது. குமிழிகள் பாறைப் பக்கம் நகர்ந்தன.

3:16. குமிழிகள் நின்றன... பாறைக்கு அடியில் போயிருப்பான் என்று நினைத்தேன். கயிற்றை இழுத்தேன். ஒரு இழுப்பு.

ஆனால் அது அவன் இழுப்பு மாதிரி இல்லை. அவன் வெடுக்கென்று இழுப்பான். இது மெதுவாக, நிதானமாக வந்தது.

3:22. பத்து நிமிஷம் ஆகிவிட்டது. இழுத்தேன்.

ஒரு இழுப்பு. நல்லா இருக்கேன்.

3:25. மறுபடி இழுத்தேன்.

நல்லா இருக்கேன்.

"போதும்டா! மேல வா!" என்று கத்தினேன். தண்ணீர் அசையவில்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

3:27. நான் இழுக்காமலே... கீழிருந்து ஒரு இழுப்பு.

அது என்னைக் கேட்டது. நல்லா இருக்கியா?

பழக்க தோஷம். யோசிக்காமல் பதில் இழுத்துவிட்டேன்.

பிறகு மூன்று இழுப்பு.

தூக்கினேன். உயிரைக் கொடுத்துத் தூக்கினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஆள் கனம்... அவனைவிடக் கனம். "சாமி, அவளுக்காக விட்டுடு, அவளுக்காக" என்று அழுதுகொண்டே இழுத்தேன்.

மேலே வர ஒரு அடி இருக்கும்.

சட்டென்று கனம் போய்விட்டது.

கயிற்றின் முனையில் முடிச்சுப் போட்ட வளையம் மட்டும் இருந்தது.

முடிச்சு அவிழவில்லை.

அவன் அங்கே இல்லவே இல்லை. பாறைக்கு அந்தப் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் அவனைக் கரைக்கு இழுத்துப் போட்டிருந்தார். அவர் ஆம்புலன்ஸுக்குப் பேசியது 3:19க்கு. அவருடைய போனில் நானே பார்த்தேன். தொண்டை கிழிய உதவி கேட்டுக் கத்தினாராம். நாற்பது அடி தூரத்தில் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்த ஆழத்தில் சிலிண்டர் நாலு நிமிஷம்கூடத் தாங்காது என்றார் டாக்டர். காற்று தீர்ந்ததும் பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டு விருட்டென்று மேலே வந்திருக்கிறான். நுரையீரல் கிழிந்துவிட்டது. "மேல வரும்போது மூச்சை விட்டுக்கிட்டே வரணும். இதைக்கூடத் தெரிஞ்சுக்காமயா இறங்கினீங்க?"

தங்கை அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கயிறு உன் கையிலதானே இருந்துச்சு, அண்ணா?"



பிணவறையில் அவனை அடையாளம் காட்டினேன். நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய முடிச்சு அவன் இடுப்பிலேயே இருந்தது. ஒரு முழம் கயிறு தொங்கியது. நுனி கத்தியால் அறுபட்டிருந்தது. கயிறு எங்கோ மாட்டியதும் அறுத்துவிட்டுத்தான் மேலே வந்திருக்கிறான்.

அப்படியானால் நான் தூக்கிய வளையத்தைக் கட்டியது யார்?

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு அதைப் பையிலிருந்து எடுத்தேன். நாங்கள் போடுகிற முடிச்சு இல்லை அது. ஈர்க்குச்சிக்கு ரொம்பப் பெரிது. ஏனோ தலைவழியே என் இடுப்புக்கு இறக்கிப் பார்த்தேன்.

சரியாக இருந்தது. இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. சோறு இறங்காமல் பதினாலு கிலோ இளைத்துவிட்டேன். போன வாரம் பரணிலிருந்து எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். யாரும் தொடாத அதே முடிச்சு.

இப்போதும்... சரியாக இருக்கிறது.