எட்டடிப் பொம்மைகளுக்கு ஒரு கூடம்

திரைச்சீலைக் கடையில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். வயதில் மூத்த தையல்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். பதினாறு வருடமாக வீடுவீடாகப் போய் ஜன்னல் அளப்பதுதான் அவள் வேலை. வாடிக்கையாளர் போனில், "நாலுக்கு அஞ்சு. நானே அளந்துட்டேன், நீங்க அலைய வேண்டாம்" என்பார். இவள், "சரிங்க" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரத்தில் மடக்கு ஏணியோடு அவர் வாசலில் நிற்பாள். அடுத்தவர் சொன்ன அளவுக்கு ஒரு முழம் துணிகூட வெட்ட விட்டதில்லை. மேலே ஒரு தரம், நடுவில் ஒரு தரம், கீழே ஒரு தரம். மூன்றும் ஒன்றாக வந்த ஜன்னலை அவள் இன்றுவரை பார்த்ததில்லை.

நேரான ஜன்னல்கள் உள்ள ஊரை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது நாத்தனார். கால் சென்டரில் வேலை பார்க்கிற பெண். அண்ணன் வீட்டில்தான் ஜாகை. அந்த ஊர் கணினிக்குள் இருந்தது. ஆளுக்கொரு பொம்மையை உருவாக்கிக்கொண்டு உள்ளே போகலாம், நடக்கலாம், பேசலாம், வீடு கட்டலாம், கடை போடலாம்.

"ஏழடி, ஏழரை அடின்னு வெச்சுக்கோங்க அண்ணி, பாக்க அம்சமா இருக்கும். காசா, பணமா?"

அண்ணி கேட்கவில்லை. கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேல் ஸ்கேலை வைத்துத் தன்னையே அளந்தாள். ஐந்தடி ஒரு அங்குலம். அதையே பொம்மைக்கும் போட்டாள். அந்த ஊரில் பார்வை பொம்மையின் கண்ணில் இருப்பதில்லை. முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே, பட்டம்போல் மிதந்துகொண்டே வரும். அதுவும் அவளுக்கு ஒத்துவரவில்லை. "என் முதுகை நானே பாத்துக்கிட்டு நடக்க எனக்கென்ன கிறுக்கா?" என்று பார்வையை இறக்கிப் பொம்மையின் கண்ணிலேயே பொருத்திக்கொண்டாள்.

நாத்தனாருக்கு இரண்டே வாரத்தில் சலித்துவிட்டது. அண்ணிக்குச் சலிக்கவில்லை, எரிச்சல் வந்தது. அங்கே ஜன்னல்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன, சரி. ஆனால் அவற்றில் தொங்கிய திரைச்சீலைகள் தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. தினமும் காலை ஐந்திலிருந்து ஏழுவரை உட்கார்ந்தாள். படுக்கையறைக் கம்பியில் நிஜத் துணியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை ஒன்றில் வைத்து, மடிப்பு எங்கே பிரிகிறது, எங்கே கூடுகிறது என்று கண்கொட்டாமல் பார்த்து, அதையே கணினியில் செய்துபார்த்தாள். போர்வைக்குள் குளிரில் சுருண்டு கிடந்த கணவன் முனகினான். ஒரு மாதம் ஆனது ஒரே ஒரு மடிப்பு ஒழுங்காக விழ. அந்தத் திரைச்சீலையை அந்த ஊர்ப் பொது நூலகத்து ஜன்னலில் மாட்டினாள். மறுநாள் யாரோ ஒருத்தி கேட்டாள்: "இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. தைச்சேன்."

ஒரு வருடத்தில் நானூறு ஜன்னல். அந்த ஊர் நாணயத்தை நிஜப் பணமாக மாற்றிக்கொள்ள வழி இருந்தது. புதுக் கணினி வந்தது. 'பொழுதுபோகாத அண்ணி' என்று கிண்டலடித்துக்கொண்டிருந்த நாத்தனார் இப்போது கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வலிய வந்து உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் பாட்டு டீச்சர் வந்தார். ஒன்பது நாட்டில் சிதறிக் கிடக்கும் இருபத்திரண்டு பேரைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு நடத்துபவர். இதுவரை அந்த ஊரின் மைதானத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். இனி ஒரு கூடம் வேண்டும் என்றார்.

"ஒரு விஷயம்மா. ஒருத்தர் குரல் இன்னொருத்தருக்கு அரை வினாடி தள்ளித்தான் கேக்கும். அதனால நாங்க சேர்ந்து பாடறதில்ல. ஆளுக்கு ஒரு வரி. பாடி முடிச்சவர் கையைத் தூக்குவார், அடுத்தவர் புடிச்சுக்கணும். ஒருத்தரை ஒருத்தர் பாத்தாத்தான் பாட்டு ஓடும்."

"கவலையே படாதீங்க டீச்சர்."

"இது நல்லா அமைஞ்சா இன்னும் மூணு குழு காத்துக்கிட்டிருக்கு. எல்லாருக்கும் உங்க பேரைத்தான் சொல்லப்போறேன்."

அதே வாரத்தில்தான் கடை முதலாளியும் கூப்பிட்டனுப்பினார். புதுக் கிளை திறக்கிறார். "நீதாம்மா அங்க பொறுப்பு. சம்பளம் ஒண்ணரை மடங்கு. காலைல எட்டுக்கு ஷட்டரைத் தூக்கணும், ராத்திரி எட்டுக்கு இறக்கணும். இன்னிலேர்ந்து நாலாவது சனிக்கிழமைக்குள்ள சொல்லிடு, இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்."

அந்தக் கிளை வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அதை ஏற்றுக்கொண்டால் காலை ஐந்து மணி போய்விடும். அதோடு அந்த ஊரும் போய்விடும். கூடம் தேறினால் கடை வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில். தேறாவிட்டால் கிளை. அவளுக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. கூடம் ஏன் தேறாமல் போகும்?

கணவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தரம் திரும்பி வந்து பார்க்கிற ஜாதி. வீட்டுக் காகிதம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் வைப்பவன். "நான் லிஃப்ட்ல ஏறும்போதே படிக்கட்டு எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தான் ஏறுவேன். நீ என்னடான்னா கேபிளே இல்லாத லிஃப்ட்ல ஏறப் பாக்கறே" என்றான்.

"ஏறி முதல் மாடிக்கு வந்தாச்சுங்க. நீங்க இன்னும் கீழயே நிக்கறீங்க."

மூன்று வாரத்தில் கூடத்தைக் கட்டி முடித்தாள். வாசற்கதவு ஏழடி. கூரை ஒன்பதரை. நாற்காலி பதினெட்டு அங்குலம். அவள் பார்த்த எத்தனையோ கூடங்களின் அளவு அதுதான். தன் பொம்மையை உள்ளே நடத்திப் பார்த்தாள். எதுவும் இடிக்கவில்லை, எதுவும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் முதல் ஒத்திகை. கணினி முன்னால் நாத்தனார் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். கணவன் சோப்புக் கையோடு வந்து நின்றான். பாடகர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் கதவைத் தாண்டியபோது அவர் நெற்றி நிலைச்சட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. அடுத்தவருக்குத் தோள்வரைதான் கூடத்துக்குள். தலை கூரைக்கு மேலே எங்கேயோ. டீச்சர் முதல் வரியைப் பாடிக் கையைத் தூக்கினார். ஒருவரும் தொடரவில்லை.

"டீச்சர், எனக்கு உத்தரம் மட்டும்தான் தெரியுது."

"எனக்கு வானம். மேகம்கூட நல்லாருக்கு."

"யாருங்க என் நாற்காலியில? என் மடியிலயா உக்காந்திருக்கீங்க?"

"இப்ப யார் முறை? என்னுதா?"

"உன்னுதுதான். இல்ல, என்னுது."

கடைசியில் இருபத்திரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "கூடம் ரொம்ப அழகா இருக்கும்மா," என்றார். "வெளியில நின்னு பாத்தா." பிறகு தாழ்ந்த குரலில், "அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை பாக்கலாம். சரிவரலைன்னா பரவால்ல, நாங்க மைதானத்துலயே பாடிக்கறோம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

டேப் அக்கா திரையையே முறைத்தாள். "அளவு சரியாத்தான் இருக்கு."

"கிளையை ஏத்துக்கோ" என்றான் கணவன்.

"அளவு சரிங்க!"

நாத்தனார் வாயைத் திறந்தாள். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தாள். புருஷன் ஆறரை அடி. மனைவி அவன் நெஞ்சுவரை. வழக்கம்போல அவன், "எல்லாம் நானே அளந்து குறி போட்டுட்டேன். திரையை இழுக்கற கயிறு இங்க முடியணும்" என்றான். சுவரில் பென்சில் கோடு. டேப் அக்கா ஏணி போட்டு ஏறினாள். ஜன்னல் அளவு அதிசயமாகச் சரியாக இருந்தது.

கீழே மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "கயிறு அங்க முடிஞ்சா நான் எப்படி இழுக்கறது? தெனமும் ஸ்டூல் போட்டு ஏறவா?"

"எனக்குக் கைக்கு எட்டுதே."

"நீங்க அளந்தா உங்களுக்குத்தான் எட்டும். வீட்ல நான் ஒருத்தி இருக்கறது ஞாபகம் இருக்கா?"

ஏணி மேல் நின்ற டேப் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். புருஷன், மனைவி இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கயிற்றின் கோட்டை இரண்டடி கீழே இறக்கிப் போட்டுவிட்டு, தெருவுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"உன் பொம்மை எத்தனை அடி?"

"ஏழே கால். ஏன் அண்ணி?"

"மத்தவங்கள்லாம்?"

"எட்டு, எட்டரை. ஒண்ணு ரெண்டு பேர் அதுக்கும் மேல. அந்த ஊர்லயே நான்தான் குள்ளம். உங்களைக் கணக்குல சேர்க்காம சொல்றேன்."

"இதை ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா? முறைச்சீங்களே!"

பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாடிக்கையாளர் வாசலுக்குப் போகாமல் வேலை செய்திருக்கிறாள். அளந்தது தன்னை மட்டும். ஊரெல்லாம் தன் உயரம், ஊரெல்லாம் தன் கண் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். வெட்கம் ஒரு நிமிடம் இருந்தது. பஸ் வருவதற்குள் போய்விட்டது. தப்பு எங்கே என்று தெரிந்த பிறகு அவளுக்கு அது தப்பே இல்லை, அது வேலை.

புதன், வியாழன் இரண்டு நாளும் காலையில் பாடகர்களை மைதானத்துக்கு வரச்சொன்னாள். அடிக்கு ஒரு கோடு போட்ட கம்பத்தை நட்டு, ஒவ்வொருவராக அதன் பக்கத்தில் நிற்கவைத்தாள். உயரம் எடுத்தாயிற்று. அடுத்தது பார்வை. பொம்மையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகையை மேலிருந்து மெல்ல இறக்குவாள். "மறைக்கும்போது நில்லுன்னு சொல்லுங்க." நில் என்ற இடத்தில்தான் அவருடைய கண் மிதக்கிறது. சிலருக்குத் தலைக்கு மேல் நாலடி. சிலருக்குப் பின்னால் பத்தடி. நாத்தனார் கடையின் பழைய ஆர்டர் புத்தகத்தில் மேல், நடு, கீழ் என்று மூன்று கட்டத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். மேல் என்றால் கண், நடு என்றால் அகலம், கீழ் என்றால் கால்.

பன்னிரண்டாவது ஆள் ஒட்டகச்சிவிங்கியாக வந்தார். குழுவிலேயே கனத்த குரல் அவருடையதுதான்.

"சார், பாடும்போது கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்க முடியுமா?"

"குனிஞ்சா குரல் வராதும்மா."

"குனியறது பொம்மைதானே சார்?"

"தெரியுது. இருந்தாலும் வராது."

டேப் அக்கா நாத்தனார் பக்கம் திரும்பினாள். "பதினாலு அடி, எழுதிக்கோ" என்றாள். இறக்கை வைத்த ஒரு பெண்ணிடம், "இதை மடிச்சு வெச்சுப்பீங்களா, விரிப்பீங்களா?" என்று கேட்டாள். "உச்சத்துக்குப் போனா தானா விரிஞ்சுக்கும்க்கா" என்று பதில் வந்தது. "அப்ப விரிச்சே நில்லுங்க. விரிச்ச அளவுதான் எனக்கு வேணும்."

வெள்ளிக்கிழமை காலை கூடத்தைப் பிரித்துப்போட்டாள். கூரையை இருபத்தெட்டு அடிக்கும் வாசற்கதவைப் பதினாறு அடிக்கும் தூக்கினாள். நாற்காலிகளை வட்டமாக்கி, ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் மிதக்கும் கண்ணுக்கு இடம் விட்டுச் சுவரைப் பதினைந்து அடி பின்னால் தள்ளினாள். அப்படித் தள்ளியதில் கூடம் கிடங்கு மாதிரி வெறிச்சோடிப் போனது. அதற்குத்தான் அவளிடம் மருந்து இருக்கிறதே. கூரையிலிருந்து தரைவரை இருபத்தெட்டு அடி நீளத்துக்குத் திரைச்சீலைகள். மின்விசிறியை ஒன்றில் வைத்தால் ஆடுகிற ஆட்டம்.

மறுநாள் சனிக்கிழமை. முதலாளி மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், கிளைக்கு வேற ஆள் பாருங்க. இந்த மாசத்தோட நானும் நின்னுக்கறேன்."

"போட்டிக்கடை போடறியாம்மா?"

"கடைதான் சார். உங்களுக்குப் போட்டி இல்ல. என் வாடிக்கைக்காரர்ல ஒருத்தர் ஒட்டகச்சிவிங்கி."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உடம்புக்கு ஏதும் பண்ணுதா? வேணா ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "ஒத்திகை நாளைக்குத்தானே? ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? முதலாளிகிட்ட ஒரு நாள் தள்ளிக் கேட்டிருந்தா குடுத்திருப்பாரே."

"அளவு எடுத்தாச்சுங்க. அளவு எடுத்ததுக்கப்புறம் கத்தரிக்கோல் போட நான் என்னைக்காவது பயந்திருக்கேனா?"

"இல்ல" என்றான். எழுந்து போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

ஞாயிறு பிற்பகல். ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். ஒட்டகச்சிவிங்கி கதவருகில் ஒரு கணம் தயங்கி, கழுத்தைத் தாழ்த்தாமலே நடந்து வந்து தன் இடத்தில் நின்றது. டீச்சர் முதல் வரியைப் பாடினார், கை உயர்ந்தது. எதிர்வரிசையில் ஒருவர் எடுத்தார். அவர் கை உயர்ந்தது. வரி கைமாறிக் கைமாறிக் கூடத்தைச் சுற்றி வந்தது. எங்கேயும் அறுபடவில்லை. பதினேழாவது வரியில் இறக்கைகள் முழுசாக விரிந்தன. பக்கத்து நாற்காலிக்காரரை அவை தொடவில்லை. கடைசி வரி கனத்த குரலில் இறங்கி முடிந்தது. அரை வினாடி தாமதம் அவர்களுக்குள் ஓடி அடங்கியது. பிறகு ஆளாளுக்கு ஒரு நேரத்தில் கைதட்டல் வந்து சேர்ந்தது.

கணவன் திரையருகே குனிந்தான். "வெளிய போக வழி எத்தனை வெச்சிருக்கே?"

"மூணு."

"ம்" என்றான். அவன் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. அது அவளுக்கும் தெரியும்.

"இனியாவது உங்க பொம்மையை உசத்துங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "டீச்சர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலதான் வர்றீங்க. முதலாளியம்மான்னு யார் நம்புவா?"

"நான் அஞ்சடி ஒண்ணுதான். உசத்தினா அது நான் இல்ல."

டீச்சரின் பொம்மை அவளை நோக்கிக் குனிந்தது. "சொன்னேன் இல்லையாம்மா, மூணு குழு இருக்குன்னு. முதல்ல சதுரங்கக்காரங்க வர்றாங்க. அவங்க பொம்மையெல்லாம் கட்டைவிரல் அளவுதான். மூணு அங்குலம்னு சொன்னாங்க. அதை வெச்சு ஆரம்பிச்சுடறீங்களா?"

டேப் அக்கா ஆர்டர் புத்தகத்தில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"அளவெல்லாம் சொல்ல வேண்டாம் டீச்சர். காலைல அஞ்சு மணிக்கு வந்து வரிசையா நிக்கச் சொல்லுங்க."