கண்ணில்லாத ஏழு வண்டுகள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லண்டனில், பூச்சிகளைச் சேகரித்து வைக்கும் ஒரு நிலையத்தின் நிலவறையில் வேலை செய்தேன். ஊசியில் குத்திய செத்த பூச்சிகளுக்கு லேபல் எழுதுவது என் வேலை. உயிருள்ள ஒன்றை அங்கே முதலில் கொண்டுவந்தவர் மலேசியத் தமிழரான ஓர் ஆராய்ச்சியாளர்.

மண்ணும் வேரும் போட்ட ஒரு பெட்டிக்குள், எரிமலைத் தீவொன்றின் குகை மண்ணில் பிடித்த ஏழு கூன்வண்டுகள். அரிசியில் வருமே நீட்டு மூக்கு வண்டு, அதற்குச் சொந்தம்தான். ஆனால் இதுகளுக்குக் கண் இல்லை, கண் இருந்த அடையாளம்கூட இல்லை. குனிந்து பார்த்தேன். என் மூச்சுப் பட்டதும் ஏழு மூக்குகளும் மெல்ல என் பக்கம் திரும்பின. உடம்பு கூசிப்போனது.

"இதுங்க முட்டை போட்டா போதும் அக்கா, ரெண்டு வருஷ உழைப்பு பலிச்சிடும். இல்லேன்னா என் வேலையை நீட்டிக்க மாட்டாங்க," என்றார். நான்கு நாள் வெளியூர் போகிறார். தண்ணீர் தெளிக்கலாம், பெட்டியில் விளக்கு வெளிச்சம் மட்டும் அறவே படக் கூடாதாம்.

"ஓம் தம்பி, நான் பாக்கிறன். நீங்கள் யோசியாமல் போயிட்டு வாங்கோ."

மூன்று நாளும் ஒன்றுகூட மேலே வரவில்லை. பெட்டியில் காதை வைத்தால், வேரைச் சுரண்டும் மெல்லிய சத்தம் கேட்கும். வேலை முடிந்து, மிச்சம் என்ற பகுதியில் இருந்த என் வீட்டுக்கு ட்ராமில் போகும்போதும் காதுக்குள் அதுதான். நான்காம் நாள் காலை காதை வைத்தேன். சத்தமே இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

என் விசர்ப் புத்தி அப்போது பார்த்துத்தானா வேலை செய்ய வேண்டும்? ஊரில் அரிசியில் வண்டு பிடித்தால் சுளகில் பரப்பி வெயிலில் வைப்போம். சூடு பட்டதும் எல்லாம் வெளியே ஓடிவரும். இந்த நிலவறையில் வெயிலுக்கு எங்கே போவது? மேசை விளக்கைப் பெட்டிக்கு மேலே இழுத்தேன். உயிரோடிருந்தால் வரட்டும், எண்ணிவிட்டு அணைக்கலாம் என்று நினைத்தேன்.

ஏதும் அசைந்தால் தெரியட்டும் என்று, மத்தியானம்வரை பெட்டியின் அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு பார்த்திருந்தேன். மண் காய்ந்து வெளுத்ததுதான் மிச்சம். பொறுக்கமாட்டாமல் கிளறினேன். ஏழும் அடித்தட்டில், சரியாக என் உள்ளங்கை இருந்த இடத்துக்கு மேலே, ஒன்றோடொன்று ஒட்டிக் காலை மடக்கிக் கிடந்தன. வெயிலையே அறியாத சீவன்களுக்கு வெளியே ஓட எப்படித் தெரியும்? அரிசி வண்டும் தொட்டால் செத்ததுபோல் கிடந்துவிட்டுப் பிறகு எழும்பி நடக்கும். அந்த நம்பிக்கையில் பின்னேரம்வரை காத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் அவர் வந்து பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லைட் எதுவும் போடலையே அக்கா?"

"இல்லைத் தம்பி."

"அப்ப என் தப்புதான். குகையிலிருந்து எடுத்திருக்கவே கூடாது."

என் கையெழுத்து வடிவு என்று என்னையே லேபல் எழுதச் சொன்னார். தீவு, குகை, பிடித்தவர் பெயர். கீழே 'இறந்த காரணம் தெரியவில்லை' என்று ஒரு வரி. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

அவருடைய வேலையை நீட்டிக்கவில்லை. பயணம் சொல்ல வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி அதுங்களை வேற யாரும் பார்த்துக்கிட்டிருக்க மாட்டாங்க அக்கா," என்றார்.

நான் "ஓம்" என்றேன்.